ஆறுகோட்டான்

அந்தக் கறையா தம்பி? அது உப்பு. ஆசிட் ஊத்தித் தேச்சும் போகல. டைல்ஸ் நல்ல டைல்ஸ்தான், நானே பக்கத்துல நின்னு பதிச்சது. ஒரு பீரோவைப் போட்டீங்கன்னா மறைஞ்சிரும். போன வாரம் ஒரு வாத்தியார் வந்தாரு, அவரும் மொதல்ல இதைத்தான் பாத்தாரு. வீடு பாக்க வர்றவங்க காத்து எந்தப் பக்கம் வருதுன்னு பாக்கிறதில்ல, வெளிச்சம் பாக்கிறதில்ல. நேரா கறையத்தான் பாக்கிறாங்க.

இங்க ஒரு தொட்டி இருந்துச்சு. மீன்தொட்டி. என் பையன் கதிரேசன் வச்சிருந்தான், நாலடி நீளத்துக்கு. டாக்டர் வீட்ல எல்லாம் தங்கமீன் வச்சிருப்பாங்களே, அது இல்ல. கடல்தொட்டி. உப்புத் தண்ணி, கடல் கல்லு, கல்லு மேல பவளம், அதுக்குள்ள மீன். கடல் எங்க இருக்கு, மதுரை எங்க இருக்கு. அப்படித்தான் நானும் கேட்டேன். சிரிச்சான்.

கேட்டுல போர்டு பாத்திருப்பீங்க. ரத்தினசபாபதி, பொதுப்பணித்துறை. வேலையில சேந்த நாள்லேர்ந்து தண்ணியோடதான் எனக்குக் குடித்தனம். கண்மாய், மதகு, கால்வாய், எல்லாம் பாத்தாச்சு. எம்எல்ஏ வந்து நின்னாலும் நான் தலையாட்டாம ஷட்டர் ஏறாது. அப்பேர்ப்பட்டவன் வீட்டு மாடியில, ஒரு கண்ணாடிப் பெட்டித் தண்ணிய வச்சுக்கிட்டு, "அப்பா, இதுல மட்டும் கைய விட்றாதீங்க"ங்கிறான்.

உப்பு வாளியில வரும், வெளிநாட்டு உப்பு. தூத்துக்குடியில வெளையிறது இவனுக்கு ஆகாது. குழாய்த் தண்ணி ஆகாது, போர்த் தண்ணி ஆகாது, வடிகட்டுன தண்ணியிலதான் அந்த உப்பைக் கரைக்கணும். சித்திரை வெயில்ல நானும் சௌந்தரமும் கீழ ஈரத்துண்டைப் போட்டுக்கிட்டு ஃபேனுக்கு அடியில கெடக்குறோம். மேல மீனுக்குத் தண்ணியக் குளிர வைக்க ஒரு மிஷின் ஓடுது. சௌந்தரம் என் வீட்டுக்காரி. அவ அதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டா. மகன் செஞ்சா சரி.

எதுக்கு இந்தத் தொட்டிங்கிறீங்களா? அது ஒரு கதை. மருமகளுக்கு ஒடம்பு முடியாமப் போச்சு. அபிநயான்னு பேரு. பிள்ளை தங்கல. ரெண்டு தடவ அப்படி ஆச்சு. எல்லாக் குடும்பத்துலயும் நடக்கிறதுதான். எங்கம்மாவுக்கும் நடந்திருக்கு, மறுவாரமே எந்திரிச்சு மாவாட்டினாங்க. இந்தப் பொண்ணு பேச்சையே விட்டுருச்சு. சாப்பாட்டுத் தட்டை வச்சா வச்ச மாதிரியே இருக்கும். டாக்டரம்மா ஒருத்தி, மனசு எதுலயாவது லயிக்கட்டும்னு சொன்னாளாம். தையல் பழகலாம். கோயிலுக்குப் போலாம், இங்கேர்ந்து எத்தன கோயில் இருக்கு. இவன் போயிக் கடலைத் தூக்கிட்டு வந்துட்டான்.

அந்தப் பொண்ணு எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சது வாஸ்தவம், இல்லைங்கல. காலையில பல்லு வெளக்குன கையோட தொட்டிகிட்டத்தான் வந்து நிக்கும். பேசும். சிரிக்கும். அந்தச் சிரிப்பு கீழ எங்க ஹாலு வரைக்கும் கேக்கும். யாருகிட்டங்கிறீங்க? மீனுகிட்ட. கீழ மாமனார்னு ஒருத்தன் உக்காந்திருக்கான், அவங்கிட்ட நாலு வார்த்தை கெடையாது.

பவளம்னா கடல்ல ஒடைச்சது இல்ல தம்பி, அது கேஸாயிரும். யாரோ தொட்டியில வளத்ததுல கிள்ளிக் குடுக்கிறாங்க, மல்லிச்செடிப் பதியன் மாதிரி. அதைக் கல்லுல பசை வச்சு ஒட்டணும். ஒட்டிட்டு ஒரு வருஷம் காத்துக் கெடந்தா உள்ளங்கை அகலத்துக்கு வரும். பூ மாதிரி விரியும், தொட்டா சுருங்கும். அவ்வளவுதான் அது. வேற ஒண்ணும் செய்யாது. அதுக்கு ஒரு பூச்சி விழுந்துச்சாம். பூச்சியத் திங்க ஒரு மீனைக் கடைக்காரன் குடுத்தான். அங்கதான் பிடிச்சுது சனி.

சுண்டுவிரல் அளவு மீனு. கத்திரிப்பூ நெறத்துல ஒடம்பு, நீளவாக்குல ஆறு கோடு. மருமக அதுக்கு ஆறுகோட்டான்னு பேரு வச்சிருச்சு. பூச்சி பூராத்தையும் தின்னு முடிச்சான் ஆறுகோட்டான். அது முடிஞ்சதும் மத்த மீனுங்களை விரட்ட ஆரம்பிச்சான். ஆரஞ்சுல வெள்ளைப் பட்டை போட்டு ஒரு ஜோடி இருந்துச்சு, கோமாளி மீன்ம்பாங்க. அதுங்க ரெண்டும் ஒரு கல்லு ஓரத்துல முட்டை போடும். ஆம்பள மீனு விசிறிக்கிட்டே காவல் நிக்கும். கொஞ்சம் கண்ணசந்தா ஆறுகோட்டான் வந்து அத்தனையும் தின்னுட்டு கல்லு பொந்துக்குள்ள போயிருவான். ஒவ்வொரு தடவையும் இதே கதை. அன்னைக்கெல்லாம் அந்தப் பொண்ணு சாப்பிடாது. மீன் முட்டைக்கு.

சரி, திருடன்னு தெரிஞ்சுபோச்சு, பிடிச்சு வெளிய போட வேண்டியதுதான? அதான் இல்ல. எம் புள்ள எம்.டெக். பிடிச்ச லட்சணத்தைக் கேளுங்க.

மொதல்ல வலை. கைவலையத் தண்ணியில விட்டதும் மத்த மீனெல்லாம் மெரண்டு ஓடும். அவனை மட்டும் காணோம். வலைய வெளிய எடுத்தா, கண்ணாடிக்குப் பக்கத்துல வந்து நின்னு பாப்பான். அடுத்து பாட்டில். வாயை அறுத்துத் தலைகீழாச் சொருகி, உள்ள இறால் துண்டு வச்சு எறக்குனான். தொட்டியில இருந்த அத்தனை மீனும் உள்ள போயி மாட்டுச்சு, ஆறுகோட்டானைத் தவிர. அப்புறம் கண்ணாடிப் பெட்டி ஒண்ணு வரவழைச்சான். கதவு வச்சது, கயித்தை விட்டா கதவு விழும். வாரக்கணக்கா அந்தக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான் தம்பி. வீட்லேர்ந்தே ஆபீஸ் வேலை. காதுல மீட்டிங் ஓடும், கையில கயிறு. இங்கிலீஷ்ல யாருக்கோ பதில் சொல்லிக்கிட்டே மீனைப் பாத்துக்கிட்டிருப்பான். ஆறுகோட்டான் பெட்டி வாசல் வரைக்கும் வருவான், தலைய உள்ள நீட்டுவான், வாலை உள்ள வைக்க மாட்டான். ஒரு நாள் பாதி ஒடம்பு உள்ள போச்சு. இந்தப் பய அவசரப்பட்டுக் கயித்தை விட்டுட்டான். அதோட சரி, அந்தப் பெட்டிப் பக்கமே அது வரல.

தூண்டில் போடுடான்னேன். சின்ன முள்ளு இருக்கு, துணுக்கு இறாலு போதும். மருமக குறுக்க வந்துச்சு. "வேணாம் மாமா, வாய் கிழிஞ்சிரும்"னுச்சு.

"உன் முட்டையெல்லாம் திங்கிற மீனும்மா அது."

"அதுக்கு அதுதான் சாப்பாடு மாமா. அது மேல என்ன தப்பு? வேற யாரு தொட்டிக்காவது போயி நல்லா இருக்கட்டும்."

இப்படி ஒரு நியாயம். இந்த நியாயத்தை வச்சுக்கிட்டு நான் ஆக்கிரமிப்பு எடுத்திருந்தா ஒரு கண்மாயும் மிஞ்சியிருக்காது.

நான் சொன்னேன், "டேய், தண்ணிய வடிச்சிட்டு கல்லை எடு. பொந்து இல்லைன்னா எங்க போவான்?"

"அப்பா, கல்லை எடுத்தா எல்லாம் கலங்கிரும். அடியில இருக்கிறது அடியிலயே இருக்கணும். பவளம் ஒட்டியிருக்கிற கல்லுப்பா அதெல்லாம். விடுங்க, நான் பாத்துக்கிறேன்."

நான் பாத்துக்கிறேன். இந்த ஒரு வார்த்தைய அவன் பத்தாங்கிளாஸ்லேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கான். சைக்கிள் செயினு கழண்டாக்கூட நான் கை வைக்கக் கூடாது. அரை மணி நேரம் ரோட்டோரம் கையெல்லாம் கிரீஸோட உக்காந்திருப்பான். நான் பக்கத்துல நிப்பேன். கேக்க மாட்டான்.

கடைசியா என்ன செஞ்சான்னா, துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டியால தொட்டியில ஒரு மூலையை அடைச்சு, கோமாளி ஜோடியை அந்தக் கல்லோட உள்ள வச்சுட்டான். திருடனை ஊருக்குள்ள விட்டுட்டு வீட்டுக்காரனை ஜெயில்ல போட்ட மாதிரி. இதுதான் எம்.டெக் மூளை. அந்த அடைப்புக்குள்ள மறுபடி முட்டை போட்டுச்சாம். அபிநயா படியிறங்கி ஓடி வந்து சமையக்கட்டுல சௌந்தரத்துகிட்ட, "அத்தை, இந்தத் தடவ தங்கிரும்"னு சொல்லுச்சு. நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். எங்கிட்ட சொல்லல, ஆனா காதுல விழுந்துச்சு.

அந்த வாரமே ரெண்டு பேரும் மெட்ராஸ் கெளம்பினாங்க. ஏதோ வைத்தியத்துக்கு, பெரிய ஆஸ்பத்திரி. போகும்போது ஒரு சிட்டிகை தீனியக் காட்டி, "காலையில இவ்வளவுதாம்பா. வேற எதுவும் தொட வேணாம். லைட்டு அதுவா எரியும், அதுவா அணையும்"னான். எனக்குச் சொல்றான். ஒரு சிட்டிகை.

நான் அன்னைக்கு முடிவு பண்ணினேன் தம்பி. பிள்ளைங்க திரும்பி வந்து பாக்கும்போது அந்த மீனு வாளியில இருக்கணும். எப்படிப்பா பிடிச்சீங்கன்னு அவன் கேக்கணும். நான் சொல்லணும்.

காலையில டிபன் முடிச்சதும் வேலைய ஆரம்பிச்சேன். தோட்டத்து ஹோஸ் பைப்பை வாயால உறிஞ்சித் தண்ணிய இழுத்தேன், உப்பு கரிச்சுது. மொதல்ல ரெண்டு வாளி ரொப்பி வச்சேன், மீதியெல்லாம் பால்கனித் தூம்பு வழியா ஓடிப்போச்சு. சௌந்தரம் படியில நின்னுக்கிட்டு "வேணாங்க, அவன் வரட்டுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நீ போயி சாம்பாரைப் பாருன்னேன். கோமாளி ஜோடியையும் மத்ததையும் பிடிச்சு ஒரு வாளியில விட்டேன். அந்தத் தட்டிய உருவிப் போட்டேன். சாக்கை நனைச்சுத் தரையில விரிச்சு, கல்லை ஒவ்வொண்ணா எடுத்து அடுக்குனேன். அப்பத்தான் இந்தக் கறை, நீங்க நிக்கிற எடம். கடைசிக் கல்லையும் தூக்குனதும் ஆறுகோட்டான் வெறும் மணல்ல நின்னான். நாலு விரல் அளவு தண்ணி. ஒளிய ஒரு பொந்து இல்ல. காய்கறி கழுவுற சல்லடையால ஒரே அள்ளு. முழுசா ஒரு மணி நேரம் ஆகல. எம் புள்ள மாசக்கணக்கா மாரடிச்ச வேலை.

எடுத்ததுதான் எடுத்தோம், சுத்தமா வைப்போம்னு கல்லையெல்லாம் கழுவுனேன். பவளம் பக்கத்துல பாசி மண்டிக் கெடந்துச்சு. ஒரு கல்லுல, ஓரமா, ஆரஞ்சு நெறத்துல பொட்டுப் பொட்டா நெருக்கமா என்னமோ அப்பியிருந்துச்சு. நைலான் பிரஷ்ஷைப் போட்டுத் தேச்சு எடுத்தேன். அப்புறம் திரும்ப அடுக்குனேன் பாருங்க, அதுதான் வேலை. அவன் குப்பையாக் கொட்டி வச்சிருந்த கல்லை நான் கரை கட்டுற மாதிரி அணைச்சு அணைச்சு அடுக்குனேன். மண்வெட்டியால இடிச்சாலும் விழாது. தண்ணிக்கு நம்ம போர்த் தண்ணிதான், அவன் உப்பையே போட்டேன், நாக்குல வச்சுப் பாத்து அளவு பாத்தேன். ஆறுகோட்டான் மட்டும் பழைய தண்ணி வாளியிலயே இருக்கட்டும்னு மூடி வச்சேன். மத்த மீனைத் தொட்டியில விட்டேன்.

மறுநாள் காலையில கோமாளி ரெண்டும், மத்த மீனும் மேல மெதந்துச்சு. பவளமெல்லாம் கொழகொழன்னு வடிய ஆரம்பிச்சிருச்சு, நாத்தம். தண்ணியில கோளாறுன்னு சொன்னாங்க அப்புறம். என்ன கோளாறு? அதே போர்த் தண்ணியத்தான் நான் இருபது வருஷமாக் குடிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு? வாளியில இருந்த ஆறுகோட்டான் நல்லாத்தான இருந்தான்? பலகீனமான ஜாதி, அவ்வளவுதான். எல்லாத்தையும் பப்பாளி மரத்தடியில பொதைச்சேன். ஆஸ்பத்திரியில இருக்கிற பிள்ளைங்களை எதுக்குக் கலவரப்படுத்தணும்னு போன்ல சொல்லல.

வந்தாங்க. பெட்டிய வைக்கக்கூட விடாம மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி வாளியத் தெறந்து காமிச்சேன். "இந்தா, உன் ஆறுகோட்டான்"னேன்.

வாளியப் பாத்தான். தொட்டியப் பாத்தான்.

அபிநயாதான் பேசுச்சு. தொட்டிகிட்ட போயி அந்த மூலையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. "மாமா, இந்தக் கல்லைக் கழுவுனீங்களா?"

"நல்லா பிரஷ் போட்டுத் தேச்சேம்மா. அழுக்கு அப்பியிருந்துச்சு."

"சரி மாமா"ன்னுச்சு. அவ்வளவுதான். சரி மாமா. கதிரேசன் தொட்டி லைட்டை அணைச்சான், அவ கையப் பிடிச்சு ரூமுக்குக் கூட்டிட்டுப் போனான், கதவைச் சாத்திக்கிட்டாங்க. எப்படிப் பிடிச்சீங்கன்னு இன்னைக்கு வரைக்கும் அவன் கேக்கல.

சௌந்தரம் அப்புறம் சொன்னா, அந்த ஆரஞ்சுப் பொட்டுதான் முட்டையாம். முட்டைன்னா முட்டை மாதிரி இருக்கணும்ல தம்பி? ஒருத்தராவது எங்கிட்ட வந்து, இதுதாம்ப்பா முட்டைன்னு காமிச்சிருந்தா நான் ஏன் தேய்க்கப் போறேன்?

சண்டையா? சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. சண்டை போட்டிருந்தா நானும் பதில் சொல்லியிருப்பேன். கொஞ்ச நாள்ல ஓசூர் பக்கம் கம்பெனி கூப்பிட்டிருச்சுன்னு கெளம்பிட்டாங்க. வீட்லேர்ந்து பாத்த வேலைய ஏன் அங்க போயிப் பாக்கணும்னு எனக்குப் புரியல. கம்பெனிக்காரனுங்க புத்தி அப்படி. அந்த மெட்ராஸ் வைத்தியம் என்னாச்சுன்னு நான் கேக்கல, பொம்பளைங்க சமாச்சாரம். சௌந்தரத்துக்குத் தெரிஞ்சிருக்கும். அவளும் எங்கிட்ட அதிகம் பேசுறதில்ல இப்ப. முழங்கால் வலி அவளுக்கு.

வாங்க, கீழ போலாம். பாத்து எறங்குங்க.

உக்காருங்க. வாடகையெல்லாம் நீங்க சொல்றதுதான், அதுல ஒண்ணுமில்ல. ஒரே ஒரு விஷயம், எழுத்துல போட்டுருவோம். பையன் எப்ப வர்றேன்னு சொன்னாலும் நீங்க ஒடனே காலி பண்ணிக் குடுக்கணும். வாத்தியார் இதுக்குத்தான் ஒத்துக்கல. ஒரு வருஷமாவது உறுதி குடுங்கன்னாரு. நாளைக்கே அவன் வந்து நின்னா நான் எங்க போறது? வாத்தியாருக்குப் புத்தி சொல்ல முடியுமா.

சௌந்தரம், காபி. ஆள் வந்திருக்காங்க.

காபி குடிங்க. மூஞ்சியக் கவனிக்காதீங்க, அவ அப்படித்தான் வச்சிட்டுப் போயிருவா. அடுத்த மாசம் ஓசூர் போறா அவ. எதுக்குன்னா சும்மாத்தாங்கிறா. திரும்பி வர நாலஞ்சு மாசம் ஆகுமாம், சும்மா போறதுக்கு. நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு அடைச்சு வச்சிருக்கா. என்னோட பழைய வேட்டியெல்லாம் எடுத்துச் சதுரம் சதுரமாக் கிழிச்சு, வெந்நியில அலசி மடிச்சு வச்சிருக்கா. எதுக்குடின்னா, வண்டி தொடைக்கங்கிறா. பையனுக்கு ஏது வண்டி. கிறுக்கு பிடிச்சிருச்சு இவளுக்கு.

அதோ, அந்த மூலையில சின்னத் தொட்டி. அங்கதான் இருக்கான் ஆறுகோட்டான். பையன் ஓசூர் போகும்போது, இதைக் கொண்டு போகலையாடான்னு கேட்டேன். "நீங்க பிடிச்சதுதானப்பா, நீங்களே வச்சுக்குங்க"ன்னுட்டான். தனியாத்தான் இருக்கான். அந்த வாளி உப்பு, வடிகட்டுன தண்ணி, குளிர் மிஷினு, எல்லாம் நான்தான் பாக்கிறேன். என்ன செய்ய, அவன் விட்டுட்டுப் போன வேலை. வாரா வாரம் தண்ணி மாத்தணும். ஒரு கருவி இருக்கு, அதுல ஒரு சொட்டு விட்டு உப்பு அளவு பாக்கணும். நாக்குல பாக்கிறதெல்லாம் பத்தாதாம்.

போன் பண்ணா எடுக்க மாட்டான். மீட்டிங்ம்பான். ஆனா மீனைப் பத்தி ஒரு மெசேஜ் போட்டா, அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துரும். உப்பு எவ்வளவு இருக்கணும்னு கேட்டா நம்பர் அனுப்புவான், வெறும் நம்பர். சூடு எவ்வளவுன்னா இன்னொரு நம்பர். அப்பன் எப்படி இருக்கான்னு ஒரு எழுத்து வராது. மீனுக்கு வரும். எனக்கு இப்ப எல்லா நம்பரும் மனப்பாடம், இருந்தாலும் கேக்கிறது. நேத்து, ஆறுகோட்டான் சரியாத் திங்கல, ஒடம்புல வெள்ளை வெள்ளையா என்னமோ தெரியுதுன்னு போட்டேன். ஒடனே, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பான்னு வந்துச்சு. அப்பான்னு இருக்கு பாருங்க, இந்தா, நீங்களே பாருங்க.

வெள்ளையா? இல்ல தம்பி. நல்லாத்தான் இருக்கான், கொழுத்துப் போயி. நேத்துலேர்ந்து போட்டோ எடுக்கப் பாக்கிறேன், நான் நாற்காலிய விட்டு எந்திரிச்சாலே கல்லுக்குள்ள போயிருது. சௌந்தரம் நின்னா வரும். பால் போட வர்ற பொண்ணு நின்னாக்கூட வரும். தீனி போடுறது நான். அதுக்கு அந்த அறிவு கெடையாது.

ஒரு ஒதவி பண்ணுங்க. இந்தப் போனைப் பிடிங்க. தொட்டிக்கு நேரா போயி ஆடாம நில்லுங்க, நான் இந்தக் கதவுக்குப் பின்னாடி போயிடுறேன். மீனு வெளிய வந்ததும் எடுத்துருங்க. ரொம்பத் தெளிவா வேணாம், கொஞ்சம் மங்கலாவே எடுங்க. தெளிவா இருந்தா, நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்தையில முடிச்சிருவான்.